டர்போ காருக்கு ஈ.சி.யூ. டியூன்: சேலத்துக்காரர்கள் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக்குழாய்) மாட்டியாச்சு, இன்டர்கூலரும் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) பெரிதாக்கியாச்சு, ஏர் இன்டேக்கும் வந்துவிட்டது, இனி ஈ.சி.யூ.வை (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) மட்டும் டியூன் செய்தால், அதாவது அதன் அமைப்புகளை மாற்றினால், வண்டி பறக்கும் என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை வைத்துக்கொண்டு இதற்காக ஊர் ஊராக அலைந்து, வேண்டாத செலவும் செய்து முடித்தவன் நான். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டது இதுதான்: ஈ.சி.யூ.வில் ஃபைல் (டியூன் அமைப்புகள் அடங்கியது) ஏற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் வண்டியில் பார்க்க வேண்டியதும், கையில் வாங்கி வைக்க வேண்டிய தாள்களும்தான் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றும்.

இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் டர்போவுக்கு. டீசல் கணக்கு வேறு.

1. சட்டம், இன்சூரன்ஸ், வாரண்டி: மூன்றையும் முதலில் பாருங்கள்

பிடிக்காத விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. "ஈ.சி.யூ.வுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குங்க தெரியப் போகுது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். சாலையில் கை காட்டி நிறுத்துபவருக்குத் தெரியாமல் இருக்கலாம். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பிரித்துப் பார்க்கும் இன்சூரன்ஸ் சர்வேயருக்கு டவுன்பைப் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும்.

அதனால் பாலிசியை எடுத்து, மாற்றங்கள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மாட்டிய பாகங்களைப் பட்டியலிட்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பதில் சாதகமாக வராமல் போகலாம், பிரீமியமும் கூடலாம். ஆனால் சொல்லாமல் விட்டால், சொந்த வண்டிக்கான சேதத்தைக் கேட்கும்போது மறுத்துவிட அதுவே அவர்களுக்குப் போதும். ஏஜென்ட் போனில் "பிரச்சினை இல்லைங்க" என்று சொல்வது கணக்கில் வராது. எழுத்தில் வேண்டும்.

வாரண்டியில் உள்ள வண்டி என்றால் இன்னும் யோசியுங்கள். பல தயாரிப்பாளர்களின் ஈ.சி.யூ.வில் எத்தனை முறை ஃபிளாஷ் செய்யப்பட்டது (ஃபைல் எழுதப்பட்டது) என்ற எண்ணிக்கை பதிவாகிறது. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் அந்தத் தடம் அழியாது. வாரண்டி முடியட்டும் என்று காத்திருப்பதே என் யோசனை.

பொல்யூஷன் சர்டிபிகேட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) கழற்றிவிட்டு "கேட் டெலீட்" ஃபைல் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சோதனையில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம். கன்வெர்ட்டர் இல்லாத வண்டி அதில் நேர்மையாகத் தேறுவது கடினம். டவுன்பைப் வேண்டுமென்றால் கன்வெர்ட்டர் உள்ளதை வாங்குங்கள்.

2. வண்டி ஆரோக்கியமாக இருக்கிறதா?

என் அனுபவத்தில் நேரமும் பணமும் அதிகம் போகும் இடம் இது. போகத்தான் வேண்டும். கம்பெனி வைத்த ஸ்டாக் பூஸ்டில் (டர்போ கொடுக்கும் காற்றழுத்தம்) தெரியாமல் ஒளிந்திருக்கும் சின்னக் கோளாறு, பூஸ்ட் ஏறியதும் பெரிதாகி வெளியே வரும்.

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்ற சோதனை. எல்லா சிலிண்டருக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டியூன் ஆசையை ஒத்திவைத்துவிட்டு இன்ஜினைப் பாருங்கள். அடுத்தது ஸ்மோக் டெஸ்ட். டர்போவிலிருந்து த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) வரை போகும் குழாய்களுக்குள் புகை விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். வெளியிலிருந்து வாங்கி மாட்டிய இன்டர்கூலரில் ஹோஸ் கிளாம்ப் சரியாக இறுகாமல் இருப்பது சாதாரணம். அந்தக் கசிவு இருந்தால், கேட்ட பூஸ்ட்டைக் கொடுப்பதற்காக டர்போ தேவைக்கு மேல் சுற்றும்.

ஸ்பார்க் பிளக்கைப் புதிதாகப் போடுங்கள். ஒரு படி குளிர்ந்த (சூட்டை வேகமாக வெளியேற்றும்) பிளக் வேண்டுமா, இடைவெளி எவ்வளவு என்று டியூனரிடமே கேளுங்கள். பூஸ்ட் கூட்டிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மி.மீ. என்று சொல்வார்கள். இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) பழையதாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஃபுல் ஆக்சிலரேட்டரில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விடுவது) வந்து, குறை பிளக்கிலா காயிலிலா ஃபைலிலா என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள்.

டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது), அதுவும் அதிகம் ஓடிய வண்டி என்றால் இன்டேக் வால்வில் கரி படிந்திருக்கும். பெட்ரோல் வால்வின் மேல் படாததால் அது தானாகக் கழுவப்படாது. கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு நாள் பிடிக்கும்.

கிளட்ச், கியர்பாக்ஸ் பற்றி யாரும் முதலில் பேச மாட்டார்கள். உதாரணத்துக்கு, பழைய 1.2 லிட்டர் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் வந்த 7 கியர் டிரை கிளட்ச் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்காக (சுழற்றும் விசை) வடிவமைக்கப்பட்டது. இன்ஜின் ஸ்டாக்கில் கொடுப்பது 175. டியூன் செய்து 250-ஐத் தொட்டால் கியர்பாக்ஸுக்கு மிச்சம் எதுவும் இல்லை. உங்கள் கியர்பாக்ஸின் வரம்பைத் தெரிந்துகொண்டு, அதற்குக் கீழே டார்க்கை நிறுத்தச் சொல்லுங்கள். எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதைவிட இது முக்கியம்.

3. ஸ்டாக் ஃபைலிலேயே லாக் எடுங்கள்

டியூன் செய்யும் முன் வண்டி எப்படி ஓடியது என்று பதிவு இல்லையென்றால், பிறகு எதையும் ஒப்பிட முடியாது. உங்கள் பிராண்டுக்கு ஏற்ற ஸ்கேனரும், லாக் (ஓடும்போது சென்சார் அளவுகளின் பதிவு) எடுக்கத் தெரிந்த ஒரு ஆளும் போதும்.

பார்க்க வேண்டியவை: ஈ.சி.யூ. கேட்ட பூஸ்ட், உண்மையில் வந்த பூஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) காரணமாகக் குறைக்கப்பட்ட இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), இன்டேக் காற்றின் வெப்பநிலை, லாம்ப்டா (காற்று–எரிபொருள் விகிதத்தின் அளவு), ஃபியூயல் ட்ரிம் (ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும் அளவு), டைரக்ட் இன்ஜெக்ஷன் என்றால் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு வரும் பெட்ரோலின் அழுத்தம்). நீண்டகால ட்ரிம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது சென்சாரோ இன்ஜெக்டரோ சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

லாக் எடுக்க டியூனர் "மூன்றாம் கியரில் ஃபுல் த்ராட்டில், 2,000-லிருந்து ரெட்லைன் வரை" (2,000 சுற்றிலிருந்து இன்ஜினின் உச்ச சுற்று வரை) என்று கேட்பார். பல வண்டிகளில் அது நெடுஞ்சாலை வேக வரம்பைத் தாண்டிவிடும். இரண்டாம் கியரில் எடுத்துக் கொடுத்தால் போதுமா என்று கேளுங்கள், அல்லது டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு திறனை அளக்கும் இயந்திரம்) எடுங்கள். ஏற்காடு மலைப்பாதையும் தொப்பூர் கணவாயும் இதற்கான இடமே இல்லை. தொப்பூர் இறக்கத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப்பை ஓட்டுநர் பார்க்கக் கூடாது, பக்கத்தில் இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

4. யாரிடம் கொடுப்பது

ஒருவர் நல்ல டியூனரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி, அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்று பார்ப்பது. என்ன டவுன்பைப், என்ன இன்டர்கூலர், எத்தனை கிலோமீட்டர், எந்தப் பங்கில் பெட்ரோல், லாக் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டால் உட்கார்ந்து பேசலாம். "கொண்டு வாங்கண்ணா, ஒரு மணி நேர வேலை" என்று சொல்பவர் எங்கிருந்தோ வாங்கிய பொது ஃபைலை ஏற்றித் தரப் போகிறார் என்று அர்த்தம். எனக்கு முதலில் வந்தது அப்படிப்பட்ட ஃபைல்தான். என் டவுன்பைப்பையோ இன்டர்கூலரையோ கணக்கில் எடுக்காத ஃபைல் அது. டியூன் செய்து கொடுத்தவர் லாக்கைப் பார்க்கவே மறுத்தார்.

வண்டி ஸ்டாக்காக இருந்தால் ஸ்டேஜ் 1 பொது ஃபைல் ஓரளவு ஓடும். ஏனென்றால் எல்லா ஸ்டாக் வண்டியும் ஏறக்குறைய ஒன்று. பாகங்களை மாற்றிய வண்டி அப்படியில்லை. உங்கள் வண்டிக்கென்று எழுதி, லாக் பார்த்து, திருத்தி, மறுபடி லாக் பார்க்கும் டியூன்தான் உங்களுக்கு வேண்டும். அதற்குப் பணமும் நாளும் கூடுதலாக ஆகும்.

பிக்கிபேக் பாக்ஸ் பற்றியும் கேட்பீர்கள். அது சென்சாரிலிருந்து வரும் அளவைக் குறைத்துக் காட்டி ஈ.சி.யூ.வை ஏமாற்றும். கழற்றுவது சுலபம், அவ்வளவுதான். டவுன்பைப் வரை மாற்றிய வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: ஸ்டாக் ஃபைலின் பிரதி உங்களுக்குக் கிடைக்குமா, எத்தனை திருத்தம் விலைக்குள் அடங்கும், ஷோரூம் அப்டேட் போட்டு டியூன் அழிந்தால் திரும்ப ஏற்ற என்ன கட்டணம், எந்த ஆக்டேனுக்கு (பெட்ரோல் நாக்கைத் தாங்கும் அளவு) எழுதியது, டார்க் வரம்பு எவ்வளவு. இதில் ஸ்டாக் ஃபைல்தான் தலையாயது. அது இல்லாமல் வெளியே வராதீர்கள்.

5. வெயில், மலை: எங்கே டியூன் செய்கிறீர்கள் என்பது முக்கியம்

டைனோ தேடும் சேலத்துக்காரர் பெரும்பாலும் பெங்களூரு அல்லது கோவைக்குத்தான் போகிறார். இரண்டும் ஒன்றல்ல. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்ந்த ஊர், காற்றழுத்தமும் குறைவு. சேலம் 300 மீட்டருக்குள். டிசம்பர் காலையில் பெங்களூரில் எல்லை வரை இழுத்து எழுதிய ஃபைல், ஏப்ரல் மதியம் 38, 39 டிகிரியில் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். இன்டர்கூலர் சூடேறிப் போயிருக்கும். உள்ளே போகும் காற்று கொதிக்கும். நாக் வரும். ஈ.சி.யூ. டைமிங்கைக் குறைக்கும். கடைசியில் ஸ்டாக்கில் இருந்ததைவிட மந்தமாகக்கூட ஓடலாம். கோவை 400 மீட்டர் அளவில் இருப்பதால் சேலத்துக் காற்றுக்கு நெருக்கம். பெங்களூருதான் என்றால் குற்றமில்லை. ஆனால் கடைசித் திருத்தத்துக்கான லாக்கைச் சேலத்தில், வெயில் நேரத்தில் எடுத்து அனுப்புவேன் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்து மலை. நம்மில் யார் டியூன் செய்தாலும் முதல் ஞாயிறே அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய்விடுவோம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். சேலத்தில் காற்றழுத்தம் சுமார் 980 மில்லிபார் என்றால் மேலே 845 அளவுதான். டர்போ இன்ஜினின் ஈ.சி.யூ. பெரும்பாலும் மொத்த அழுத்தத்தை (வெளிக்காற்றழுத்தமும் பூஸ்ட்டும் சேர்ந்தது) குறிவைத்து இயங்கும். 2.2 பார் (2,200 மில்லிபார்) வேண்டும் என்று ஃபைல் கேட்டால், சேலத்தில் டர்போ வெளிக்காற்றை 2.24 மடங்கு அழுத்தினால் போதும். ஏற்காட்டில் 2.6 மடங்கு அழுத்த வேண்டும். டர்போ அதிகம் சுற்றும், காற்று அதிகம் சூடாகும். சின்ன டர்போவாக இருந்தால் தன் எல்லையைத் தாண்டும்.

தயாரிப்பாளர் கொடுத்த ஃபைலில் இதற்கு ஒரு திருத்த அட்டவணை இருக்கும். உயரம் கூடக் கூட, கேட்கும் பூஸ்ட்டைக் குறைத்துக்கொள்ளும். அவசரமாக எழுதிய சில டியூன்களில் அந்த அட்டவணையைத் தட்டையாக்கிவிடுவார்கள். உங்கள் டியூனரிடம் நேராகவே கேளுங்கள்: "உயரத் திருத்தத்தை அப்படியே விட்டிருக்கீங்களா?" கேள்வி புரியாமல் விழித்தால், நான்காம் படிக்குத் திரும்பி வேறு ஆளைத் தேடுங்கள்.

6. பெட்ரோல்

இப்போது பங்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கான இந்தியத் தர நிர்ணயப்படி ஆக்டேன் குறைந்தது 95 இருக்க வேண்டும். எத்தனால் நாக்கைக் குறைக்கும், அது நல்லது. ஆனால் அதே காற்றுக்கு அதிக பெட்ரோல் வேண்டும். சுத்த பெட்ரோலுக்கு காற்று–எரிபொருள் விகிதம் 14.7 என்றால் இ20-க்கு 13.5 அளவு. இன்ஜெக்டரும் பம்பும் ஏற்கெனவே எல்லையில் இருந்தால் இந்தக் கூடுதல் தேவையில் சிக்கிக்கொள்ளும். லாக்கில் ரெயில் பிரஷர் கேட்டதற்குக் கீழே விழுவது இதன் அடையாளம்.

100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதினால் டைனோ தாளில் எண் அழகாக வரும். அந்தப் பெட்ரோல் எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆத்தூரிலோ சங்ககிரியிலோ டேங்க் காலியானால் என்ன செய்வீர்கள்? வழக்கமாக நீங்கள் போடும் பெட்ரோலுக்கே எழுதச் சொல்லுங்கள். டியூனுக்குப் போகும் முன் இரண்டு டேங்க்காவது அதே பங்கில் அதே வகையைப் போட்டு ஓட்டிவிட்டுப் போங்கள்.

7. ஃபிளாஷ் செய்யும் நாள்

ஓ.பி.டி. (ஸ்கேனரைச் செருகும் சாக்கெட்) வழியாக என்றால் படித்து எழுத ஒன்றிரண்டு மணி நேரம். சில ஈ.சி.யூ.க்களைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் படிக்க முடியும். டைனோவும் சேர்ந்தால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், பாகங்களின் பில், ஸ்டாக் லாக் இருக்கும் பென்டிரைவ் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள்.

எழுதும்போது மின்னழுத்தம் விழக் கூடாது. பாதியில் நின்றால் ஈ.சி.யூ. செத்த மாதிரி ஆகிவிடும், மீட்க தனிச் செலவு. பேட்டரியோடு சார்ஜரை இணைத்து 13 வோல்டுக்கு மேல் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒர்க்‌ஷாப் இருக்கும் பகுதிக்கு அன்று மாதாந்திர மின்தடை இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை.

பில்லை ஜி.எஸ்.டி.யோடு வாங்குங்கள். அதில் வண்டி எண்ணும் ஃபைலின் பெயரும் இருக்கட்டும்.

8. செலவு

எனக்குச் சொல்லப்பட்ட விலைகள் இவை. வண்டிக்கு வண்டி மாறும். கம்ப்ரஷன், ஸ்மோக் டெஸ்ட் இரண்டும் சேர்த்து 2,000 முதல் 4,000 ரூபாய். நல்ல பிளக் ஒரு செட் 3,000 முதல் 5,000. பொது ஃபைல் 20,000 முதல் 35,000 வரை. உங்கள் வண்டிக்கென்று எழுதுவது 40,000-லிருந்து 60,000. டைனோ தனியாக 4,000 முதல் 8,000. இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., பெட்ரோல், டோல், ஒரு ராத்திரி தங்கும் செலவு. கசிவு, காயில் என்று வழியில் கிளம்பும் வேலைகளுக்காகக் கைவசம் 15,000-மாவது தனியாக இருக்கட்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். கடைசித் திருத்தம் முடியும் வரை ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள்.

9. டியூனுக்குப் பிறகு

முதல் வாரம் முழுக்கச் சாதாரணமாக ஓட்டுங்கள். அப்புறம் லாக். ஏதோ ஒரு சிலிண்டரில் எப்போதாவது 2, 3 டிகிரி டைமிங் குறைவது இயல்பு. அதே சிலிண்டரில் தொடர்ந்து 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் காலை எடுத்துவிட்டு டியூனருக்கு லாக்கை அனுப்புங்கள். செக் இன்ஜின் லைட் மினுக்கினால் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். அப்படியே வீடு வரை ஓட்டினால் கன்வெர்ட்டர் போய்விடும். ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

லாக் அனுப்பி, திருத்திய ஃபைல் வந்து, மறுபடி ஏற்றி என்று எல்லாம் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரமாக வெளியூர்ப் பயணம் இருந்தால் அதற்கு முன்னால் தொடங்க வேண்டாம். ஏற்காட்டை கடைசித் திருத்தம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மிதமாக ஏறி, மேலே போனதும் பூஸ்ட் அளவைப் பாருங்கள். சேலத்தில் வந்ததைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தால் உயரத் திருத்தம் வேலை செய்கிறது, சந்தோஷப்படுங்கள்.

ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஷோரூமில் சர்வீஸ் விட்டால், "சாப்ட்வேர் அப்டேட் வேண்டாம்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லி கையெழுத்து வாங்குங்கள். வண்டியை விற்கும்போது ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றி, ஸ்டாக் பாகங்களையும் மாட்டிக் கொடுங்கள். கழற்றிய பழைய டவுன்பைப்பையும் இன்டர்கூலரையும் காயலான் கடைக்குப் போடாமல் மாடியில் ஒரு மூலையில் வைத்திருங்கள். வாங்குபவரிடம் டியூன் செய்த வண்டி என்பதைச் சொல்லிவிட்டு, பில்லையும் லாக்கையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.